ரோல்பிளே சேர்வர்ல எப்பிடி நடந்துக்கணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொத ஒரு சின்ன வெளக்கம். நாங்க நடத்துறது ஜிடிஏ 5 கேம்ல ஃபைவ்எம்ங்கிற மொட் வழியா ஓடுற ஒரு தமிழ் ரோல்பிளே சேர்வர். அட்மின் வேல பாக்குறவங்க முக்காவாசி பேர் இலங்கை மலையகத்துல அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம். வெளையாட எல்லாப் பக்கமும் இருந்து வாறாங்க. ரூள்ஸ் தனியா எழுதி போட்டுத்தான் இருக்கு, ஆனா அத யாரும் வாசிக்கிறதில்ல, டிக்கெட் (அட்மினுக்கு எழுதிப் போடுற கேள்வி, முறைப்பாடு) ஓப்பன் பண்ணி அதே கேள்விய திரும்பத் திரும்ப கேக்குறாங்க. அதனால கேக்குற மாதிரியே எழுதிட்டோம்.

ரோல்பிளேனா என்ன அண்ணே, ஜிடிஏ ஒன்லைன் மாதிரிதானே?

இல்ல. ஒன்லைன்ல போறவன் வாறவன எல்லாம் ராக்கெட்டால அடிக்கலாம், செத்தாலும் கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு மறுபடி அடிக்கலாம். இங்க நீங்க ஒரு ஆள். அந்த ஆளுக்கு பேரு, வேல, கடன், கூட்டாளி, பயம் எல்லாம் இருக்கு. கேம்ல உள்ள லொஸ் சாண்டோஸ் டவுண்ல குப்ப லொறி ஓட்டலாம், பில்பொக்ஸ் ஹொஸ்பிட்டல்ல டொக்டரா இருக்கலாம், சாண்டி ஷோர்ஸ்ல ஒரு கராஜ் போட்டுக்கிட்டு வாற கார எல்லாம் திருத்திக்கிட்டு சும்மா கதைச்சுக்கிட்டு இருக்கலாம். ஜெயிக்கிறதுனு ஒண்ணு இதுல கெடையாது.

அதுக்கு ஏன் இவ்வளவு ரூள்ஸ்? கேம்தானே.

1978ல இங்கிலாந்துல எசெக்ஸ் யுனிவர்சிட்டியில ரோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில்னு ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் மட்னு ஒரு கேம் செஞ்சாங்க, படமே இல்ல, வெறும் எழுத்துதான், அதுலயே பல பேர் ஒண்ணா உள்ள போயி வெளையாடலாம். அதே பார்ட்டில் 1996ல வெளையாட வாறவங்கள நாலு வகையா பிரிச்சு எழுதுனாரு: சாதிக்க வாறவங்க, சுத்திப் பாக்க வாறவங்க, கதைச்சுப் பழக வாறவங்க, அடுத்தவன அடிச்சு சந்தோசப்பட வாறவங்க. எங்க ரூள்ஸ்ல பெரும்பகுதி அந்த நாலாவது ஆளுக்காக எழுதுனது. மத்த மூணு பேருக்கும் ரூள்ஸே வேணாம், அவங்க பாட்டுக்கு இருப்பாங்க.

ஐசி, ஓஓசினு எல்லாரும் சொல்றாங்களே?

ஐசினா (இன் கெரக்டர்) உங்க பாத்திரம் பேசுறது, செய்றது. ஓஓசினா (அவுட் ஒஃப் கெரக்டர்) அத வெளையாடுற நீங்க. இந்த ரெண்டையும் கலக்காம இருந்தா கீழ உள்ளதுல பாதி உங்களுக்கு தேவயே இல்ல.

மாசி மாசம் தோட்டத்துல காமன் கூத்து பாத்திருப்பீங்க. சிவன் வேஷம் கட்டுனவரு மன்மதன எரிச்சுர்றாரு, ஊரே ரதி கூட சேந்து அழுவுது. அதுக்காக மறுநாள் மன்மதன் வேஷம் கட்டுன பொடியன் போயி சிவன் வேஷக்காரர் வீட்டு வாசல்ல நின்னு ஏசுறானா? ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பிளேன்டீ குடிப்பாங்க. இங்கயும் அவ்வளவுதான். உங்க பாத்திரத்த ஒருத்தன் கொள்ளையடிச்சா உங்க பாத்திரம் கோவப்படட்டும், பழி வாங்க பிளான் போடட்டும், அது கதை. நீங்க டிஸ்கோர்ட்ல (பிளேயர்மார் வெளிய கதைக்கிற ஆப்) போயி அவன் அம்மாவ ஏசுனீங்கனா அது கதை இல்ல, அதுக்கு பான்தான், சேர்வர்ல இருந்து தூக்கிருவோம்.

இன்னொண்ணு, சீன் நடந்துக்கிட்டு இருக்கும்போது இடையில நிப்பாட்டி "மச்சான் இது ரூள் பிரேக்" னு வொய்ஸ்ல கத்தாதீங்க. சீன முடிங்க, கிளிப் எடுத்து வச்சுக்கோங்க, பெறகு டிக்கெட் போடுங்க.

மெட்டாகேமிங்னா என்ன? நான் ஒண்ணும் ஹெக் பண்ணலையே.

உங்க பாத்திரத்துக்கு தெரிய வழியே இல்லாத விசயத்த நீங்க வெளிய தெரிஞ்சுக்கிட்டு உள்ள பாவிக்கிறது. டிஸ்கோர்ட்ல கேட்டது, ஸ்ட்ரீம்ல பாத்தது, தலைக்கு மேல ஓடுற பேர வாசிச்சுட்டு அறிமுகமே இல்லாத ஆள பேர் சொல்லி கூப்புடுறது, எல்லாம் இதுதான்.

நம்ம பக்கம் இது இன்னும் ஒரு படி மேல போகும். தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) இருக்கவங்களுக்கு சொல்லவே வேணாம், நடுவுல ஒத்தச் செவுருதான், பக்கத்து காம்புறால (அறைல) ஒருத்தன் ஹெட்செட் போட்டுக்கிட்டு "பேங்க்குக்கு பின்பக்கமா வாங்கடா" னு கத்துனா இந்தப் பக்கம் பொலிஸ் வெளையாடுறவனுக்கு ரேடியோவே தேவையில்ல. உண்மையாவே இப்பிடி ஒரு டிக்கெட் வந்துச்சு. செவுத்துக்கு நாங்க பான் குடுக்க ஏலாது, காதுல விழுந்ததுக்கும் குடுக்க மாட்டோம், ஆனா கேட்டத வச்சு உங்க பாத்திரம் பேங்க்குக்கு முன்னாடியே போயி காத்துக்கிட்டு நின்னா அது மெட்டாகேமிங். அந்த நேரத்துல வேற பக்கம் ரவுண்ட் போங்க, இல்லனா டியூட்டி முடிச்சுட்டு போயி சாப்புடுங்க.

டியூஷன் கிளாஸ்ல, பஸ்ல, கோயில் திருவிழால கூட்டாளிமார் சந்திச்சு கதைக்கிறது எல்லாம் இதே கணக்குதான். கதைங்க, சிரிங்க, அத உள்ள கொண்டு வராதீங்க.

ஆர்டிஎம், விடிஎம் வித்தியாசம் என்ன?

காரணமே இல்லாம சுட்டா ஆர்டிஎம். காரணமே இல்லாம வாகனத்தால அடிச்சா விடிஎம். "அவன் என்னய மொறச்சான்" காரணம் இல்ல. "பிரேக் புடிக்கல" மூணாவது தடவையும் சொன்னா அதுவும் காரணம் இல்ல.

நான் பெரிய ரவுடி கெரக்டர். துப்பாக்கிய நீட்டுனா ஏன் பயப்படணும்?

பெரிய ரவுடிக்கும் உசுரு ஒண்ணுதான். தலைல துப்பாக்கி வச்சுக்கிட்டு நாலு பேர் நிக்கும்போது கைய தூக்காம இடுப்புல இருந்து பிஸ்டல உருவி நாலு பேரையும் சுட்டு ஓடுறது படத்துல நல்லா இருக்கும். இங்க அது ஃபியர் ஆர்பி மீறல், அதாவது உசுருக்குப் பயப்படுற மாதிரி வெளையாடாதது. கைய தூக்குங்க, கெஞ்சுங்க, ஏசுங்க, பேசிப் பேசி நேரத்த இழுங்க, பொலிஸ் வரும் வரைக்கும் கத விடுங்க. சேர்வர்ல எல்லாரும் இன்னமும் சொல்லிச் சிரிக்கிற சீன் எல்லாம் யாராவது தோத்த சீன்தான், ஜெயிச்ச சீன் ஒண்ணையும் ஆரும் ஞாபகம் வச்சுக்கிட்டு இல்ல.

துப்பாக்கி நீட்டுறவனுக்கும் கடம இருக்கு. நீட்டுன ஒடனே அஞ்சு பேர்ட சாமான் எல்லாத்தையும் உருவிட்டு ஒரு வார்த்த பேசாம சுட்டுட்டு போறவன் கொள்ளக்காரனா வெளையாடல, அவனும் அந்த நாலாவது வகைதான்.

பவர்கேமிங்?

எதிராளிக்கு பதில் சொல்ல எடமே குடுக்காம நீங்களே முடிவையும் எழுதுறது. ஸ்லாஷ் மீ (பாத்திரம் செய்றத எழுதிக் காட்டுற கட்டளை) போட்டு "ஒரே அடியில அவன் கைய ஒடைக்கிறான்" னு எழுதாதீங்க, "கைய ஒடைக்கப் பாக்குறான்" னு எழுதுங்க. ஒடஞ்சுதா இல்லையானு கைக்காரன் சொல்லட்டும். மவுண்ட் சிலியாட் மலை உச்சில இருந்து பைக்கோட விழுந்துட்டு எந்திரிச்சு தூசிய தட்டிட்டு அடுத்த பைக்க தேடுறதும் இதுல வரும். எட்டியாந்தோட்டைல இருந்து கினிகத்தேனை ஏறுற ரோட்டுல பைக்ல ஒரு தடவ சறுக்குனவங்களுக்கு இத வெளக்கத் தேவையில்ல.

செத்துட்டா எல்லாத்தையும் மறக்கணுமா?

ஹொஸ்பிட்டலுக்கு தூக்கிட்டுப் போயி காப்பாத்துனா மறக்கத் தேவையில்ல, காயத்தோட எந்திரிப்பீங்க, மெதுவா நடங்க, அதான் கத. யாரும் வராம கேமே உங்கள மறுபடி எழுப்பி விட்டுச்சுனா (ரெஸ்பான்) என்எல்ஆர், அதாவது புது உசுர் ரூள். சாவுக்கு முன்னாடி நடந்த சண்ட உங்களுக்கு ஞாபகம் இல்ல, யாரு சுட்டானு தெரியாது, 15 நிமிசத்துக்கு அந்த எடத்துக்கு போகக் கூடாது. கெரக்டர் நிரந்தரமா சாகுறது, சிகேனு சொல்றது, அது உங்க சம்மதமும் அட்மின் சம்மதமும் இல்லாம நடக்காது, அதனால யாராவது "உனக்கு சிகேடா" னு மெரட்டுனா பயப்படாதீங்க.

கரண்ட் போச்சுனா கொம்பாட் லொக்குனு பான் பண்றீங்களே, இது நியாயமா?

பிடிபடப் போறோம்னு தெரிஞ்சு கேம மூடிட்டு ஓடுறதுதான் கொம்பாட் லொக்கிங். கரண்ட் போறது வேற. நாங்களும் இங்கதான் இருக்கோம். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டுனாங்க, அத பாத்தவங்கதான் அட்மின் எல்லாரும். ஏப்ரல் மாசம் பின்னேரம் ஆனா இடி மின்னல், ரூட்டர கழட்டி வைக்கலனா கருகிரும், மழ இருட்டுனாலே டவர் சிக்னல் ஒரு கோடுக்கு வந்துரும். இதெல்லாம் தெரியும்.

அதனால முறை இதான்: லைன் போச்சுனா 20 நிமிசத்துக்குள்ள போன் டேட்டாலயாவது டிஸ்கோர்ட்ல ஒரு வரி போடுங்க, "கரண்ட் இல்ல, சீன்ல இருந்தேன்" னு. திரும்பி வந்தா அதே எடத்துல அதே நெலமையில சீன தொடருங்க. போன்ல ரீலோட் காசு இல்லனா கரண்ட் வந்த பெறகு சொல்லுங்க, பரவால்ல. ஆனா ஒரு ஆளுக்கு மட்டும் பொலிஸ் வெரட்டும்போது மட்டும் பொகவந்தலாவைல கரண்ட் போகுதுனா, அதே ஊர்ல இருக்க மத்த மூணு பேரும் அந்த நேரம் கேம்ல சர்வசாதாரணமா மீன் புடிச்சுக்கிட்டு இருக்காங்கனா, எங்களுக்கும் கணக்குத் தெரியும்.

மின்னல் அடிக்கிறப்ப சீன் முக்கியமில்ல. கழட்டுங்க.

அண்ணனும் நானும் ஒரே வீடு, ஒரே கம்பியூட்டர். ரெண்டு பேரும் வெளையாடலாமா?

வெளையாடலாம். முன்கூட்டியே சொல்லிருங்க, இல்லனா சிஸ்டம் ஒரே ஆள் ரெண்டு கணக்கு வச்சிருக்கதா நெனச்சு லொக் பண்ணிரும். ரெண்டு பேருக்கும் தனித்தனி கணக்கு, தனித்தனி ஒரிஜினல் ஜிடிஏ 5 வேணும். 2020 மே மாசம் எபிக் ஸ்டோர்ல சும்மா குடுத்தப்ப எடுத்து வச்சவங்க அதையே பாவிக்கலாம். அண்ணன் எதிர் கேங்க்ல இருந்தா அவரு பின்னாடி நின்னு திரைய பாக்காதீங்க. அண்ணனுக்கு பான் விழுந்து அவரு உங்க கணக்குல வந்தாருனா ரெண்டும் போகும், அத வீட்டுல பேசித் தீத்துக்கோங்க.

எனக்கு 15 வயசு, ஆனா நல்லா வெளையாடுவேன். உள்ள வர அனுமதி (வைட்லிஸ்ட்) தருவீங்களா?

தம்பி, இல்ல. கேம் பெட்டியிலயே பெரியவங்களுக்குனுதான் போட்டிருக்கு, ஐரோப்பாவுல 18, அமெரிக்காவுல 17. எங்க சேர்வர் 18க்கு மேலதான். பொய் சொல்லி வந்து பிடிபட்டா ஏச மாட்டோம், அவமானப்படுத்த மாட்டோம், கெரக்டர அப்பிடியே ஃப்ரீஸ் பண்ணி வைப்போம், 18 ஆனதும் வா. ஓ லெவல் முடிஞ்சுட்டு, ஏ லெவலும் பாத்துட்டு வந்தா இன்னும் நல்லது.

ஊர், சாதி, பாஷை பத்தி ஜோக் அடிக்கலாமா? கெரக்டர்தானே பேசுது.

இதுதான் நாங்க கொஞ்சமும் விட்டுக்குடுக்காத எடம். "கெரக்டர் பேசுச்சு" ங்கிறத இதுல ஏத்துக்க மாட்டோம்.

தோட்டத்து ஆக்கள கேவலப்படுத்துற "தோட்டக்காட்டான்" ங்கிற சொல் சேர்வர்ல எந்த சீன்லயும் வரக் கூடாது. அத சொல்லிக் கேட்டு வளந்தவங்க பாதிப் பேர் உள்ள இருக்காங்க, ராத்திரி வேல முடிஞ்சு வந்து ஹெட்செட்ட மாட்டுறது அத மறுபடி கேக்குறதுக்கு இல்ல. சிங்கள ஆக்களுக்கு, முஸ்லிம் ஆக்களுக்குனு நம்ம பக்கம் பாவிக்கிற சொல்லுங்களும் அதே மாதிரிதான், "நாங்க கூட்டாளிமார் அப்பிடித்தான் கதைப்போம்" னாலும் வேணாம், மைக்குக்கு அந்தப் பக்கம் யாரு கேக்குறானு உங்களுக்குத் தெரியாது. எந்தத் தோட்டம், என்ன சாதினு ஒருத்தர்ட்ட கேக்குறதும் நிப்பாட்டுங்க.

யாழ்ப்பாணத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், இந்தியாவுல இருந்து வாறவங்க தமிழ், எங்க தமிழ், எல்லாம் சேர்வர்ல ஓடும். சிங்களம், இங்கிலிஷும் தாராளமா பேசலாம். ஒருத்தர் பேச்ச அப்பிடியே நக்கலா திருப்பி பேசிக் காட்டுனா மொத தடவ வோர்னிங், ரெண்டாவது தடவ ஒரு வாரம்.

ஸ்ட்ரைக் ரோல்பிளே செய்யலாமா? யூனியன் வைக்கலாமா?

செய்ங்க, சொல்லப் போனா நம்மளவுக்கு யாரும் செய்ய மாட்டாங்க. குப்ப லொறிக்காரங்க சம்பளம் கேட்டு லீஜன் ஸ்குவயர்ல ஒக்காந்து, மேயர் பேச்சுவார்த்தைக்கு கூப்புட்டு, தலைவர் உள்ள போயி வேற ஒரு டீல் பேசிட்டு வந்து, வெளிய இருந்தவங்க அவரையே வெரட்டுனாங்க, அந்த சீன் விடியிற வரைக்கும் ஓடுச்சு. ஒரு குண்டு வெடிக்கல. வருசக் கணக்கா 1000 ரூபா நாள் சம்பளத்துக்கு கத்துன ஊருக்கு வசனம் எழுதிக் குடுக்கத் தேவையில்லதானே.

ஆனா உண்மையான யூனியன் பேரு, கட்சிப் பேரு, உசுரோட இருக்க தலைவர்மார் பேரு வேணாம். உண்மையா நடந்த சாவ சீனா போடவும் வேணாம். 1940ல முல்லோயாவுல ஸ்ட்ரைக் நேரம் சுட்டதுல செத்த கோவிந்தன், 2014 அக்டோபர்ல மீரியபெத்தை மண்சரிவு, யுத்தம், 83 கலவரம், இதுல எதையும் ஈவண்ட்டா நடத்தாதீங்க. ஒருத்தர் நல்ல நோக்கத்துலதான் கேட்டாரு, "ரெஸ்கியூ டீம் வச்சு மண்சரிவு ஈவண்ட் செய்வோமா" னு. சேர்வர்ல இருக்கவங்கள்ல வீட்டோட மண் எறங்குன ஆக்கள் இருக்காங்க, அதனால மாட்டோம்னு சொன்னோம். நெருப்பு, கார் எக்சிடன்ட், கப்பல் மூழ்குறதுனு வேற எவ்வளவோ இருக்கு.

எதுக்கு சம்மதம் கேக்கணும், எது சம்மதம் கேட்டாலும் கூடாது?

சித்திரவத, கடத்தி நீண்ட நேரம் வச்சிருக்கது, ஒடம்ப வெட்டுறது: முன்னாடியே ஓஓசில எழுதிக் கேட்டு, அவங்க சரினு சொன்னா மட்டும். நடுவுல போதும்னா அந்த எடத்துலயே ஸ்கிரீன் கறுப்பு, சீன் முடிஞ்சுது, ஏன் எதுக்குனு கேக்கக் கூடாது. பாலியல் வன்முற, சின்னப் பிள்ளைங்கள வச்சு எதுவும், தற்கொல: எந்த சம்மதத்தோடயும் கூடாது, மொத தடவையே நிரந்தர பான்.

நான் ஒரு கேர்ள் பிளேயர். உள்ள வந்தாலே நம்பர் கேக்குறாங்க.

மன்னிச்சுக்கோங்க தங்கச்சி, இது இன்னும் முழுசா நிக்கல. ஐசில காதல் சீன் வரலாம், அது ரெண்டு பேரும் விரும்புனா. ஆனா ஓஓசில நம்பர், ஃபோட்டோ, வட்ஸ்அப் கேக்குறது, வேணாம்னு சொன்ன பெறகும் கார்ல பின்னாடியே வாறது, குரல கேட்டுட்டு "இது பொடியன் வொய்ஸ் சேஞ்சர்" னு கூட்டமா கிண்டல் பண்றது, இதுக்கு வோர்னிங் கெடையாது, நேரா ஒரு மாசம். டிக்கெட்ல பொம்பள அட்மின் வேணும்னு போட்டா அவங்களே பாப்பாங்க, நாங்க அந்த டிக்கெட்ட ஓப்பன் பண்ணக் கூட மாட்டோம்.

உங்க ஊர் வெவரத்த யாருக்கும் குடுக்காதீங்க. டவுண்ல இருக்கவங்களுக்கு இது வெளங்காது, தோட்டத்துப் பேரும் டிவிஷனும் சொன்னா போதும், மேல்பிரிவா கீழ்பிரிவானு ஒருத்தர்ட்ட கேட்டுட்டு நேரா வீட்டு வாசலுக்கு வந்துரலாம். அதே மாதிரி மத்தவங்க தோட்டத்துப் பேர சாட்ல போட்டவனுக்கு நிரந்தர பான், "விளையாட்டுக்கு" னாலும். மெரட்டல், ஃபோட்டோ வச்சு பயமுறுத்துறதுனு போச்சுனா எங்களோட நிப்பாட்டாதீங்க, 1938 பெண்களுக்கான உதவி லைன், 18க்கு கீழ உள்ளவங்கனா 1929. ஆதாரம் என்ன வேணும்னாலும் நாங்க எடுத்துத் தருவோம். யாராவது கணக்க ஹெக் பண்ணா 2007ம் வருச 24ம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்துல அது குற்றம், பொலிஸ்ல முறைப்பாடு குடுக்கலாம்.

மைக் ரூள் என்ன?

புஷ் டு டோக், அதாவது பட்டன அமத்திக்கிட்டு பேசுறது. ஓப்பன் மைக் வேணாம். பேங்க் மனேஜர பணயம் புடிச்சு வச்சிருக்க நேரம் பின்னால "டேய் அந்த அரிசிய ஒலைல போடு" னு ஒரு குரல் வந்துச்சு, கொள்ளக்காரன் "வாறேம்மா" னு சொல்லிட்டான், மனேஜர் வரைக்கும் சிரிச்சு சீன் போச்சு. வீட்டுல பெரட்டுக்கு (தோட்டத்துல வேல பிரிச்சுக் குடுக்குற எடத்துக்கு) போறவங்க காலையில எந்திரிக்கணும், ராத்திரி பதினொண்ணுக்கு மேல மெதுவா பேசுங்க, விஸ்பர் மோட் அதுக்கும்தான் இருக்கு.

பொலிஸ் கெரக்டர் எடுத்தா என்ன வேணும்னாலும் செய்யலாமா?

மத்தவங்கள விட கொறைவாத்தான் செய்யலாம். பொலிஸ் சீருடைய போட்டுக்கிட்டா கைல ஜெயில் பட்டன் இருக்கு, அந்த பட்டன் ஒருத்தனோட நேரத்தத் திங்குது. 40 நிமிசம் உள்ள போடுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் விசாரிங்க, அவன் கதைய கேளுங்க, லோயர் கேட்டா குடுங்க. லஞ்சம் வாங்குற பொலிஸ் வெளையாடணும்னா மொத அட்மின்ட்ட கதைய எழுதிக் குடுங்க. மிஷன் ரோ ஸ்டேஷன்ல எல்லாருமே கள்ளப் பொலிஸ்னா அப்புறம் கள்ளன் எதுக்கு.

டொனேட் பண்ணா துப்பாக்கி, கார் தருவீங்களா? கேம் காசு விப்பீங்களா?

விக்க மாட்டோம், விக்கவும் கூடாது. ஜிடிஏ செஞ்ச ரொக்ஸ்டார் கம்பனி 2022 நவம்பர்ல ரோல்பிளே சேர்வருக்கெல்லாம் விதி போட்டாங்க: கேம் காசு விக்கிறது, லூட் பொக்ஸ் (உள்ள என்ன இருக்குனு தெரியாம வாங்குற பெட்டி) விக்கிறது, ஸ்பொன்சர் எடுத்து சம்பாதிக்கிறது, கிரிப்டோ, ஒண்ணும் கூடாது. மறு வருசம் ஆகஸ்ட்ல ஃபைவ்எம் செஞ்ச டீமையே அவங்க தங்களோட சேத்துக்கிட்டாங்க, அதனால ஏமாத்த வழியும் இல்ல.

சேர்வர் சிங்கப்பூர்ல இருக்கு, வாடக டொலர்ல. 2022ல டொலர் 200ல இருந்து 360க்கு ஏறுன நேரம் மூடிரலாமானு கூட கதைச்சோம். குடுக்க விரும்புறவங்க வாடகைக்கு குடுக்கலாம், பதிலுக்கு டிஸ்கோர்ட்ல பேருக்குப் பக்கத்துல ஒரு கலர், அவ்வளவுதான். வெளிய பிளேயர்மார் தங்களுக்குள்ள ரீலோட்டுக்கு கேம் காசு மாத்துனா ரெண்டு பேருக்கும் பான்.

மொட் மெனு, எய்ம்பொட்னு ஏமாத்துற சொஃப்ட்வெயார் பாவிச்சா?

நிரந்தர பான். இதுக்கு அப்பீல் இல்ல.

பான் ஆயிட்டேன். அட்மின் அவன் ஊர்க்காரனுக்கு சப்போட் பண்றாரு.

அப்பிடி நடக்காம இருக்கத்தான் ஒரு முறை வச்சிருக்கோம்: சண்டைல சம்பந்தப்பட்டவருக்கு கூட்டாளியோ சொந்தமோ ஊரோ ஆன அட்மின் அந்த டிக்கெட்ட தொட மாட்டாரு. நம்ம ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் ஒரு வழில மாமன் மச்சான்தான், அதனால சில டிக்கெட்டுக்கு திருகோணமலைல இருக்க அட்மினத் தேட வேண்டி வருது, லேட் ஆகும், பொறுங்க.

அப்பீல் எழுதும்போது என்ன நடந்துச்சுனு எழுதுங்க, அவன் எப்பிடிப்பட்டவன்னு எழுதாதீங்க. கிளிப் ரெண்டு நிமிசத்துக்கு முன்னாடி இருந்து வேணும், நீங்க அடி வாங்குற நொடி மட்டும் வெட்டி அனுப்புனா மிச்சத்த நாங்க எதிர்ப் பக்கத்துல கேட்டு வாங்குவோம். மூணு நாளைக்குள்ள பதில் வரும். அட்மினோட அப்பாவ கடைவீதியில புடிச்சு "உங்க மகன்ட்ட சொல்லி என் பான எடுக்கச் சொல்லுங்க" னு கேக்காதீங்க. அவருக்கு பான்னா பேக்கரில விக்கிற பாண்தான்.

ஸ்ட்ரீம் பண்ணலாமா?

பண்ணலாம், பத்து நிமிசம் டிலே வச்சு பண்ணுங்க. சாட்ல வாறவங்க எதிராளி எங்க இருக்கானு சொன்னா அத வாசிக்காதீங்க, மொடரேட்டர் வச்சு தூக்குங்க. டிக்கெட்ல உள்ளத ஸ்ட்ரீம்ல காட்டக் கூடாது. பாட்டு போட்டா கொப்பிரைட் அடிக்கும், அது உங்க சேனல், உங்க பாடு.